சேலத்தில் பழம்பொருள் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

முகூர்த்த மாதங்களில் சேலத்துப் பாத்திரக் கடைகளில் தவறாமல் ஒன்று நடக்கும். பாட்டி காலத்துத் தவலை, அண்டா, குடம் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து தராசில் வைப்பார்கள். எடைக்கு வரும் தொகையைக் கழித்துக்கொண்டு புது எவர்சில்வர் சாமான் வாங்கிப் போவார்கள். பழையது சாக்கில் கட்டப்பட்டு உருக்குப் பட்டறைக்குப் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. புளி போட்டுத் தேய்க்க யாருக்கும் நேரமில்லை, ஃப்ளாட்டில் அண்டா வைக்க இடமும் இல்லை. ஆனால் அந்தத் தவலையின் கழுத்தில் வெட்டியிருக்கும் பெயரையும் ஊரையும், உலையில் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் படித்து எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனது அடித்துக்கொள்ளும்.

பழம்பொருள் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பொருளோடு அதன் விவரமும் கூடவே வர வேண்டும். யார் வீட்டுச் சாமான், எந்த ஊர், எதற்குப் புழங்கியது, எப்போது வாங்கியது. விவரம் போய்விட்டால் மிஞ்சுவது எடைதான்.

முதலில் உங்கள் வீட்டுப் பரண்

கடைக்குப் போகாதீர்கள். ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் உங்கள் வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருப்பதைப் பாருங்கள். பரண், மாட்டுக் கொட்டகை மூலை, பூஜை அறை அலமாரியின் அடித்தட்டு, இந்த மூன்று இடத்திலும் எதாவது இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, அப்பாயியிடமோ அம்மாயியிடமோ காட்டி, “இது யாரு கொண்டு வந்ததுங்க? எதுக்கு வெச்சிருந்தீங்க?” என்று கேளுங்கள். பேசுவதை அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். “இது உங்க தாத்தாவோட அத்தை சீர்ல வந்தது, ஓமலூர்ச் சந்தையில வாங்குனது” என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அந்தச் சாமானின் தரமே மாறிவிடும்.

ஒரு நல்ல தடிமனான நோட்டு வாங்கி, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், உயரம், வாய் அகலம், எடை, எழுத்து ஏதும் இருந்தால் அப்படியே நகல், யாரிடமிருந்து வந்தது, அவர் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னார். நீங்களாக ஊகித்ததைத் தனியே, பென்சிலில் எழுதுங்கள். கேட்டதும் ஊகித்ததும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

பெயர்களையும் இந்தக் கட்டத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். கூஜா வேறு, தூக்கு வேறு. படி, உழக்கு, ஆழாக்கு, கொங்குப் பக்கத்து வள்ளம் என்று அளவைகளே ஒரு குடும்பம். எச்சில் துப்பும் படிக்கம், சுண்ணாம்பு வைக்கும் கரண்டகம், பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி என்று தாம்பூலத்துக்கு மட்டும் ஒரு தனிக் கூட்டம் உண்டு. சரியான பெயரைச் சொல்லிக் கேட்கிற ஆளிடம் கடைக்காரரும் சரியாகப் பேசுவார்.

உலோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் சமையலறையின் வரலாறு உலோகங்கள் ஒன்றையொன்று தள்ளிய வரலாறு. செம்பு, செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம், செம்போடு துத்தநாகம் சேர்ந்த பித்தளை, இவற்றோடு மண்சட்டி, இரும்புச் சட்டி. பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு சேராது என்பதால் உள்ளே ஈயம் பூசினார்கள். அதற்கென்றே தெருத் தெருவாக ஆட்கள் வருவார்கள். ரசத்துக்கு மட்டும் முழுக்க வெள்ளீயத்தாலான ஈயச் சொம்பு. 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் அதன் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் ஓவியமும் கைவினையும் சொல்லித்தர ஆரம்பித்த பள்ளி அது. எடையும் விலையும் குறைந்த அலுமினியம் ஏழை வீடுகளில் செம்பின் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பாவிலிருந்து எனாமல் தட்டுகளும் டிபன் கேரியர்களும் வந்தன. கடைசியில் எவர்சில்வர் வந்து எல்லாவற்றையும் பரணுக்கு அனுப்பியது.

இந்தக் கதையில் சேலத்துக்கு இரட்டை வேடம். கஞ்சமலை இரும்புத் தாது பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதுவை நம்பித்தான் அதைத் தொடங்கினார். அதே கஞ்சமலைக்குப் பக்கத்தில் எழுந்த சேலம் உருக்காலை 1981இல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்ட ஆரம்பித்தது. பித்தளையைச் சமையலறையிலிருந்து வெளியேற்றிய உலோகத்தை உருட்டுகிற ஊரில் நின்றுகொண்டுதான் நாம் பித்தளை சேர்க்கப் போகிறோம்.

வெண்கலத்தையும் பித்தளையையும் பிரிக்க, பாத்திரத்தை விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். அப்புறம் செய்த விதம். சுத்தியால் அடித்து எழுப்பிய பாத்திரத்தில் உள்பக்கம் வரிசையாக அடித்தழும்பு தெரியும், விளிம்பின் கனமும் ஒரே சீராக இருக்காது. பழைய குடங்களைப் பகுதி பகுதியாக அடித்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டின இடத்தில் வேறு நிறத்தில் ஒரு கோடு ஓடும், சிலவற்றில் பல் பல்லாகக் கோத்து ஒட்டியிருப்பதும் தெரியும். மெஷினில் சுழற்றி இழுத்ததில் மெல்லிய வட்டக் கோடுகள் அடிமுதல் வாய்வரை ஒழுங்காக இருக்கும். வார்ப்பில் செய்த விளக்கு, உருளி போன்றவற்றில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் மணலின் சொரசொரப்பு பதிந்திருக்கும்.

ஒரு வகையோடு நில்லுங்கள்

எல்லாவற்றையும் வாங்கினால் வீடு காயலான் கடையாகும், அறிவு வளராது. ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதில் நூறு உருப்படி பார்த்த பிறகு, நூற்றியோராவதைத் தொட்டவுடனே கை சொல்லிவிடும். புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பெயர் வெட்டிய பாத்திரங்கள், அளவைகள், பாக்குவெட்டி, எனாமல் சாமான், கோலி சோடா பாட்டில், பழைய ஓட்டு வில்லைகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. விலை குறைவு, போலியும் குறைவு.

ஓடு சேர்ப்பதா என்று சிரிக்காதீர்கள். மங்களூர் ஓட்டின் முகத்திலேயே ஆலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலைதான் இந்த வகை ஓட்டுக்கு ஆரம்பம். அதற்குப் பின் மங்களூர், கோழிக்கோடு, ஃபெரோக் என்று எத்தனையோ ஆலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். சேலத்தில் பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டால் நாலைந்து ஓட்டைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

சேலத்துக்கே உரிய இன்னொன்று சினிமாப் பாட்டுப் புத்தகம். டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்தது, நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்த நிறுவனம். அதன் பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள் இன்னும் பழைய பேப்பர் கட்டுகளில் அகப்படுகின்றன. அந்தக் காலத்து அச்சு அலங்காரத்தையும் எழுத்து வடிவங்களையும் படிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடக்கூடாதவை என்று நான் நினைப்பது: சாமி சிலை, தஞ்சாவூர் ஓவியம், நாணயம். மூன்றிலும் போலி அதிகம். முதலாவதில் சட்டச் சிக்கலும் உண்டு.

கண்ணைப் பழக்குங்கள்

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்கிப் போய் வாருங்கள். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் என்ற குறுநிலத் தலைவர்களின் திருப்பணி. கல்லில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று தூண் தூணாகப் பாருங்கள்: கொடிக்கருக்கு, அன்னம், கிளி, யாளி, தூண் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையில் தொங்கும் பூமொட்டு. அப்புறம் பழைய வீட்டுக் கதவு நிலையையோ, குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தையோ பார்த்தால், அதே கொடியும் அதே பறவையும் கல்லிலிருந்து மரத்துக்கும் பித்தளைக்கும் இறங்கி வந்திருப்பது தெரியும். சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கும் போங்கள். சென்னை போக நேர்ந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். நல்லதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கெட்டது உறுத்தும்.

காலம் கண்டுபிடிப்பது

இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கடைக்காரர் எதைக் காட்டினாலும் “நூறு வருசத்துக்கு மேல இருக்குமுங்க” என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு பொருளைக் கேளுங்கள்.

பெயர் வெட்டிய ஒரு தவலையை எடுத்துக்கொள்வோம். கழுத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். கை உளியால் வெட்டிய எழுத்து சின்னச் சின்னக் கொத்துகளாகவோ புள்ளிகளாகவோ இருக்கும். ஒவ்வொரு கொத்தின் ஓரத்திலும் உலோகம் இம்மியளவு எழும்பி நிற்கும், ஆண்டுக்கணக்கில் புழங்கிய பாத்திரத்தில் அந்த ஓரம் மழுங்கி வழவழப்பாகியிருக்கும். மின்சாரக் கருவியால் எழுதியது நடுங்குகிற மெல்லிய கோடாக ஒரே ஓட்டமாகப் போகும், அது பிற்காலத்தது. அடுத்து எழுத்தின் வடிவம். ‘அண்ணாமலை’ என்று பெயர் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன், ணா தனிச் சுழியோடும், லை மேலே வளைந்த துதிக்கைக் கொம்போடும் எழுதப்பட்டன. பழைய வடிவம் இருந்தால் பெரும்பாலும் பாத்திரமும் அதற்கு முந்தியது. வயதான ஆசாரி பழக்கத்தில் பின்னாளிலும் பழைய வடிவத்தையே வெட்டியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயரும், வருஷத்தைக் குறிக்கும் ௵ என்ற குறியும் இருக்கும். பிரபவ என்று இருந்தால் அது 1927–28 அல்லது 1987–88, அறுபது ஆண்டுச் சுற்று. எழுத்து வடிவத்தையும் வெட்டின விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்தச் சுற்று என்று சொல்லிவிடலாம்.

‘உபயம்’ என்று வெட்டியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது யாரோ கோயிலுக்குக் கொடுத்தது. விளக்கானாலும் அண்டாவானாலும் கோயிலின் சொத்து. கடைக்கு எப்படி வந்தது என்று கடைக்காரர் எத்தனை நல்ல காரணம் சொன்னாலும் வேண்டாம்.

அச்சடித்த லேபிள், டப்பா, பில், விளம்பரத் தகடு என்றால் வேலை இன்னும் சுலபம். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அன்றுதான் தசம நாணயம் வந்தது. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது, ஆகவே பின்கோடு போட்ட டப்பாவை வெள்ளைக்காரன் காலத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படி, உழக்கு போன்ற அளவைகளில் அரசு முத்திரைகள் குத்தியிருக்கும். 1960களின் தொடக்கத்தில் லிட்டர் கட்டாயமானதும் இவை கடைகளிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டன.

வெளிநாட்டுச் சாமானில் நாட்டின் பெயரே துப்பு. பிரிட்டன் 1887இலும் அமெரிக்கா 1890இலும் போட்ட சட்டங்களுக்குப் பிறகுதான் ஏற்றுமதிச் சாமானில் செய்த நாட்டைப் பொறிப்பது பரவலானது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்குப் பிந்தியது. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததற்கும் 1952க்கும் இடையில். மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவில். ஆங்கிலேயப் பீங்கானின் அடியில் வைர வடிவ முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. 1884இலிருந்து அதற்குப் பதிலாக ‘ஆர்.டி. நம்பர்’ என்று வரிசை எண் போட்டார்கள். சிங்கர் தையல் மெஷினுக்கும் வரிசை எண் உண்டு. எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் 1900 அல்லது அதற்குப் பிந்தியது. எந்த எண் எந்த ஆண்டு என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது.

சுவரில் மாட்டும் சாமிப் படங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சில் வீடு வீடாக வந்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் அந்தப் படங்களுக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டிவிட்டார்கள். அந்தக் கைவேலையும் ஒரு கலைதான், தயவுசெய்து பிய்த்து எடுத்துவிடாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்துக் கல் அச்சில் புள்ளிகள் கையால் தூவியது போலத் தாறுமாறாக இருக்கும். இன்றைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் சீராக வட்டம் வட்டமாகக் கூடி நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பழைய சட்டத்துக்குள் புது நகலை வைத்து விற்பது சகஜம் என்பதால் சட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

எங்கே தேடுவது

செவ்வாய்ப்பேட்டையிலும் கடைவீதிப் பக்கமும் உள்ள பாத்திரக் கடைகள்தான் சுரங்கம். மாற்றுக்கு வந்த பழைய சாமான் உருக்கப் போவதற்குமுன் சில நாள் அங்கே கிடக்கும். கடைக்காரரிடம் பழகி, “பேர் வெட்டின சாமான் வந்தா எடுத்து வைங்கண்ணா, எடைக்கு மேல போட்டுத் தரேன்” என்று சொல்லி வையுங்கள். பழைய இரும்புக் கடைகளில் அளவை, பூட்டு, சாவி, இஸ்திரிப் பெட்டி கிடைக்கும். குகை, அம்மாப்பேட்டை, அக்ரகாரத் தெருக்களில் பழைய வீடு இடிபடுகிறது என்று தெரிந்தால், மேஸ்திரியைவிட முதலில் வீட்டுக்காரரைப் பாருங்கள். கதவு, உத்திரக் கட்டை, பூப்போட்ட ஜப்பான் டைல்ஸ் எல்லாவற்றுக்கும் விவரம் அவரிடம்தான் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். வாங்குவதற்கு என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஒரே இடத்தில் அத்தனை வகையும் கண்ணில் படும், விலையும் தெரியும்.

வெள்ளி வாங்குவதாக இருந்தால் நம் ஊர்க் கொலுசுப் பட்டறைக்காரர்களைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எவ்வளவு டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று உரசிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ‘இ.பி.என்.எஸ்.’ என்று முத்திரை குத்திய தேநீர்க் கெண்டியை வெள்ளி என்று வாங்கிவிடாதீர்கள். நிக்கல் கலந்த உலோகத்துக்கு மேல் வெள்ளிப் பூச்சு அது.

ஏற்காட்டு பங்களாச் சாமான்கள்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அவர் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள், பங்களா கட்டினார்கள், சீமையிலிருந்து பீங்கானும் கடிகாரமும் இறக்கினார்கள், இங்கேயே கிடைத்த ஈட்டி மரத்திலும் தேக்கிலும் நம் தச்சர்களை வைத்து மேஜை நாற்காலி செய்துகொண்டார்கள். கால் நீட்டிக்கொள்ளக் கைப்பிடி நீளும் சாய்வு நாற்காலி, கையால் சுற்றும் காப்பிக் கொட்டை அரைக்கும் மெஷின், மண்ணெண்ணெய் மேஜை விளக்கு, நீலப் பூ போட்ட தட்டுகள் எல்லாம் எஸ்டேட் கைமாறும்போது கீழே இறங்கி வருகின்றன. வடிவம் சீமையுடையது, கை நம்முடையது. அதனாலேயே இவற்றை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மரச் சாமான் பார்க்கும்போது மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அதற்குத்தான் பாலிஷ் போட்டிருப்பார்கள். இழுப்பறையை வெளியே எடுத்துத் திருப்புங்கள். கைரம்பக் கோடு நேராக, கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும். வட்ட ரம்பம் வில் வில்லாகத் தடம் விட்டிருக்கும். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்த ஆணி 1930களுக்கு முந்தியதல்ல. பழுது பார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம், கேளுங்கள். வட்ட மேஜை என்றால் டேப்பை எடுத்து இழைநெடுக ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் அளந்து பாருங்கள். மரம் காலப்போக்கில் இழைக்குக் குறுக்கேதான் சுருங்கும். உண்மையிலேயே பழைய மேஜையாக இருந்தால் வட்டம் கொஞ்சம் நீள்வட்டம் ஆகியிருக்கும். இரண்டு அளவும் அச்சாக ஒன்றுபோல இருந்தால் யோசிக்க வேண்டும்.

கீழே கொண்டுவருவதில் ஒரு ஆபத்து உண்டு. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் பனிமூட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே ஈரத்தைக் குடித்துப் பழகிய பலகையை ஏப்ரல் மாதம் சேலத்து வெயிலுக்கு இறக்கினால் சில வாரத்தில் பிளந்துவிடும். மழைக்காலத்தில் இறக்குங்கள். வந்ததும் ஃபேனுக்குக் கீழோ மேற்குச் சுவரோரமோ ஏசி அறையிலோ வைக்காமல், சில மாதம் காற்றோட்டமான நிழலில் மெல்ல உலர விடுங்கள். உளுத்த துளை இருந்தால் அடியில் கறுப்புத் துணி விரித்து வையுங்கள். மறுநாள் புது மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, மற்ற சாமான் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

போலியும் மோசடியும்

பழசாக்கும் வேலை ஒரு தனித் தொழில். புதுப் பித்தளையை அமிலத்தில் முக்கி, உப்பு மண்ணில் புதைத்து எடுத்தால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஆனால் தேய்மானத்தை அப்படிச் செய்ய முடியாது. பாக்குவெட்டியைக் கையில் எடுங்கள். உண்மையில் புழங்கியதென்றால் வெட்டும் அலகு தீட்டித் தீட்டி நடுவில் குழிந்திருக்கும், கீல் ஆணி லேசாக ஆடும், கைப்பிடிக் கிளியின் மூக்கும் நெஞ்சும் விரல் படும் பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும், மறுபக்கம் கூர்மையாக இருக்கும். புதிய வார்ப்பில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு மழுங்கல், இடுக்குகளில் ஒரே நிறக் கறுப்பு.

நாணய விஷயத்தில் 1818 என்று போட்டு ஒரு பக்கம் அனுமார் அல்லது ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று யாராவது காதோடு பேச வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்; தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களை அழித்த மோசடி அது. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பதும் அதே ஜாதிதான். 2021இல் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள். சுவடி போன்றவற்றுக்கு 75 ஆண்டு. கல், உலோகம், சுடுமண், மரம் இவற்றில் செய்த பழைய சிற்பம், ஓவியம், படம் வரைந்த சுவடி ஆகியவை உங்களிடம் இருந்தால் பதிவு அதிகாரியிடம் பதிய வேண்டும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பக் கூடாது. மீறினால் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை சிறை. மண்ணுக்கடியில் ஏதாவது கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த சொம்பானாலும் அப்படித்தான்.

எஸ்டேட் பங்களாக்களில் காட்டெருமைத் தலை, மான் கொம்பு, தந்தப் பிடி போட்ட கத்தி இவையெல்லாம் மாட்டியிருக்கும். எவ்வளவு பழையதானாலும் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டம் இடம் தராது. மலைமேல் இன்னொன்றும் கண்ணில் படலாம். சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. சின்னச் சின்னக் கோயில்களில் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடுவதும் உண்டு. பாருங்கள், அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். எடுத்துக்கொண்டு வராதீர்கள். நடுகல்லுக்கும் இதே விதிதான்.

சிலை விஷயத்தில் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை நம் கண்ணெதிரே நடந்தது. கோயிலிலிருந்து திருடப்பட்டு, ‘சட்டப்படி வந்தது’ என்று பொய்யான காகிதம் தயாரித்து, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கே விற்கப்பட்டது. 2014இல் திரும்பி வந்தது. அத்தனை வல்லுநர் இருக்கிற இடமே பொய் விவரத்தை நம்பியது என்றால் நாம் எம்மாத்திரம்? விற்பவர் விவரம் சொல்லத் தயங்கினாலும் சரி, அளவுக்கு மீறி அழகாகச் சொன்னாலும் சரி, விட்டுவிடுங்கள். சந்தேகமானதைச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம்.

விலை பேசுவது

போகும்போது பையில் காந்தம், பத்து மடங்கு பூதக்கண்ணாடி, டேப், சின்ன டார்ச், கைத்தராசு இருக்கட்டும். பித்தளை என்பதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

அன்றைய பழைய பித்தளை, செம்பு, வெண்கல விலையைக் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அதுதான் தரை. முதல் கேள்வி: “அண்ணா, இது எடைக்குங்களா, பீஸுக்குங்களா?” எடைக்கு என்றால் பேச்சே வேண்டாம், போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பீஸுக்கு என்றால் தரைக்கு மேல் எவ்வளவு, எதற்காக என்று பார்க்க வேண்டும். வேலைப்பாடு, எழுத்து, குறையில்லாத நிலை, விவரம். ரொம்பவும் அடித்துப் பேச வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நியாயமாகக் கொடுத்தால் அடுத்த முறை நல்லது வரும்போது அவரே கூப்பிடுவார். வீட்டுக்காரரிடம் நேரடியாக வாங்கும்போது இன்னும் நேர்மையாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரியாத மதிப்பு உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிவிட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டிலாவது தேதி, பொருள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்கி நோட்டில் ஒட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். புழங்கப் போகிற குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம், தப்பில்லை. சேகரிப்புக்கு என்று வாங்கியதை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பளபளப்புப் பொடி போட்டு வாராவாரம் தேய்த்தால் வெட்டிய எழுத்தும் முத்திரையும் சில ஆண்டில் கரைந்துபோகும். செம்பு, வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால் அது வெறும் களிம்பு இல்லை, உலோகத்தைத் தின்னும் நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து வருவது. அந்த உருப்படியை மற்றதிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வைத்து, அருங்காட்சியகத்துக்காரரிடம் யோசனை கேளுங்கள். பழைய ஈயப்பூச்சு போன பாத்திரத்தில் சமைக்காதீர்கள்.

நோட்டில் எழுதிய வரிசை எண்ணை ஒரு சின்ன அட்டையில் பென்சிலால் எழுதி, வெள்ளை நூலால் பிடியில் கட்டிவிடுங்கள். செல்லோடேப், ஸ்டிக்கர் எதுவும் நேரடியாக ஒட்ட வேண்டாம், பசை கறையாகிவிடும். நோட்டை வருஷத்துக்கு ஒரு முறை பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். நமக்குப் பிறகு பிள்ளைகள் இதையெல்லாம் என்ன செய்வது என்று திணறும்போது, எது அருங்காட்சியகத்துக்கு, எது சொந்தக்காரருக்கு, எதை விற்றுக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருந்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது.